கடலுக்கென்று வைத்த மணி

என் குரல் நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூட நாளிலேயே தேவாரம் பாட என்னைத்தான் முன்னுக்கு விடுவார்கள். பிரதேச சபையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். தடுப்பூசி, நுளம்பு ஒழிப்பு, குப்பை வண்டி, எந்த அறிவித்தல் என்றாலும் "பாலசுந்தரியைக் கூப்பிடு" என்பார்கள். ஓட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு நான் தெருவால் போனால் தூங்குகிற குழந்தைகூட அழாது. ஒருதரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அவ்வளவு இதமான குரல். வில்லங்கமும் அதில்தான். இதமான குரலுக்கு எழும்பி ஓடுகிறவர்கள் யார்?

அந்தக் கதிரையில் இருங்கள் தம்பி, இதற்குக் கால் ஆட்டம். தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும். விசாரணை என்று நீங்கள் முகத்தை இறுக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தாழைமுனை ஒரு மணல் துண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு அக்கரை படுவான்கரை, வயல்காரர்களின் பக்கம். ஊருக்கு ஒரேயொரு வீதி. அது கடற்கரையோடு வடக்கே போய்ப் பள்ளிக்கூடத்தடியில் முடிகிறது. கொங்கிறீற் கூரை போட்ட கட்டடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். புயல் வருமென்றால் சனத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

புயல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் நான் பாவாடை கட்டிய பிள்ளை. எங்கள் மாமாவின் கழுத்தில் கூரைத் தகரம் வந்து விழுந்ததை அலுமாரிக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்த்தேன். விடிந்தபோது எங்கள் வளவில் ஒரு தென்னைக்கும் தலை இல்லை. ஆனால் தாழைமுனையில் இப்போது இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுனாமி. நான் பார்த்தது காற்று, அவர்கள் பார்த்தது கடல். ஒருவர் கண்ட சாவை இன்னொருவருக்கு வாயால் விளங்கப்படுத்த முடியாது தம்பி. நான் வருடக்கணக்காக முயன்று பார்த்தேன்.

அதற்கு முந்திய மழைகாலத்தில் ஒருமுறை என் சொல்லைக் கேட்டுப் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேற்றுக்குப் பூட்டு. திறப்பு பள்ளிக்கூட அதிபரின் வீட்டில், அதிபர் ஒரு கலியாண வீட்டில். மழையில் நின்று, பிறகு ஒருவாறு உள்ளே போனால் கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை. சோற்றுப் பார்சல் வந்துசேர்ந்தபோது புளித்திருந்தது. நுளம்புக் கடியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். புயலோ எங்கோ போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் காயப்போட்டிருந்த கருவாட்டை நாய்கள் தின்றிருந்தன. அவ்வளவும் சீதேவிப்பிள்ளை என்கிற மீன்காரியின் கருவாடு.

அன்றிலிருந்து நான் ஊருக்குப் பகிடியாகிவிட்டேன். நான் தெருவில் கால் வைத்தாலே சின்னப்பிள்ளைகள் "அன்பான பொதுமக்களே" என்று தொடங்கும். திறப்புக்காக நான் எழுதாத கடிதமில்லை, ஏறாத கந்தோர் இல்லை. "பாப்பம், பாப்பம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த முறை எச்சரிக்கை வந்ததும் காலையிலேயே சுபாகரனின் ஓட்டோவில் இறங்கிவிட்டேன். திறப்பை முதலில் கையில் வாங்கினேன். உழவு இயந்திரம் இரண்டு, ஆள் ஏற்றப் பின்னால் பூட்டிய பெட்டியோடு, வீதியில் கொண்டுவந்து நிறுத்தினேன். தொண்டை வறளும்வரை சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. பெட்டிக்குள் ஏறியிருந்தது சாரதிமார் மட்டுமே, வெற்றிலை போடுவதற்கு.

தாழைமுனையில் சீதேவிப்பிள்ளை எழும்பினால் ஊர் எழும்பும். அவள் இருந்தால் ஊரும் இருக்கும். சுனாமியில் புருசனையும் மூத்த மகனையும் கொடுத்தவள். கைக்குழந்தையாக இருந்த கஜானியை மார்பில் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் தோணியில் வாவியைக் கடந்து தப்பியவள். அந்தக் கஜானிக்கு இப்போது வயிற்றில் ஏழு மாதம். நான் போனபோது தாயும் மகளும் முற்றத்தில் மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளவுப் பெண்களும் கூட இருந்தார்கள்.

"என்னக்கா, திரும்பவும் பள்ளிக்கூடத்து நுளம்புக்குச் சாப்பாடு போடவா வந்திரிக்கீங்க?" என்றாள் சீதேவி, தலையை நிமிர்த்தாமலே.

"இந்த முறை மெய்யாத்தான் வருது சீதேவி. நீ வராட்டியும் பரவால்ல. புள்ளத்தாச்சிப் புள்ள, கஜானிய அனுப்பு."

"அவளக் கொண்டுபோய்ச் சீமெந்துத் தரையில கிடத்தவா? போனமுறை பட்டது காணாதா?"

"திறப்பு இந்தா என்ட கையில இரிக்கி."

"திறப்பு இரிக்கி, தண்ணி இரிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்ப் பவுசர் மத்தியானம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

"காத்துக்குப் பயந்து ஆரும் ஊர விட்டுப் போவாங்களா கா?" என்றாள் சீதேவி. "கடல் வந்தாச் சொல்லுங்க. தோணி பின்னால கட்டித்தான் கிடக்கு. மறுகா நீங்க கூப்பிடவும் தேவல்ல."

அப்போது கஜானி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பொத்தி வாய்க்கு நேரே மைக் மாதிரிப் பிடித்தாள். "அன்பான பொதுமக்களே, உங்கள் உயிர் எங்கள் கையில்..." அச்சொட்டாக என் குரல். இழுப்பு, நிறுத்தம், கடைசியில் மூச்சு விடுவது வரைக்கும். நானும் சிரித்தேன். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீதிக்கு வந்ததும் சபைச் செயலாளர் ஐயா தொலைபேசியில் வந்தார்.

"ஆக்கள ஏத்தியாச்சா? மேலிடத்தால கேக்கிறாங்க. ஏறுற மாதிரி ஒரு படமாவது அனுப்புங்க."

"ஏறினாத்தானே ஐயா படம்."

"என்னவாவது செய்யுங்க பாலசுந்தரி. உங்கட வாய் என்னத்துக்கு இரிக்கி?"

அவர் சொன்னதால் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் கதைப்பார். அதற்குள் ஒரு சாரதி, வீட்டில் மாடு கட்டவேண்டும் என்று சொல்லி உழவு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வானம் ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் தரமும் தெருவால் போனேன். ஒரு வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள், என் சத்தம் கேட்காமல் இருக்க.

அதன்பிறகுதான் கோயிலுக்குப் போனேன்.

கண்ணகி அம்மன் கோயில் மணியைப் பற்றி உங்களுக்கு வண்ணக்கர் நல்லரத்தினம் சொல்லியிருப்பார். கோயிலைப் பார்க்கிறவர் அவர்தானே. சுனாமிக்குப் பிறகு ஊர்ச்சனம் ஒலிபெருக்கியை நம்பவில்லை. மனுசர் பேசுவதில் பொய் இருக்கும், அம்மன் மணியில் இராது என்றார்கள். விட்டுவிட்டு அடித்தால் பூசை. விடாமல் அடித்தால் கடல். அப்படி ஓர் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மார்கழியும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த மணியை அடித்து ஒத்திகை வைப்பேன். தொடங்கிய காலத்தில் வண்ணக்கர் என்னை அம்மனுக்கு முன்னால் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினார். காற்றுக்கோ கள்ளனுக்கோ இந்த மணியை இப்படி அடிக்கமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

அன்று வண்ணக்கர் கூரைக்குக் கயிறு வாங்க ஏறாவூருக்குப் போயிருந்தார். மணிக்கயிறு வெளி மண்டபத்தில்தான் தொங்குகிறது. அம்மனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன்: தாயே, உன் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். பிறகு இழுத்தேன். சுபாகரனிடம் மைக்கை வாங்கி, "கடல் பின்வாங்குது, கடல் பின்வாங்குது" என்று இரண்டு தரம் சொன்னேன். என் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அது நான் வேண்டுமென்று வைத்த நடுக்கம்.

தம்பி, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்து கல் மாதிரி இருந்த ஊர். கண்ணை மூடித் திறக்குமுன் எல்லோரும் வெளியே, ஒரு வேலிப் படலையைக்கூட ஒருவரும் சாத்தவில்லை. சீதேவி கருவாட்டுப் பாயை மிதித்துக்கொண்டு ஓடினாள். கஜானியின் கையைப் பிடித்திருந்தாள். அடுப்பில் வைத்தது அடுப்பில் இருந்தது.

வீதிக்கு ஓடுவார்கள், அங்கே பெட்டியில் ஏற்றலாம் என்று நினைத்ததாகப் பொலீசில் சொன்னேன். அவர்கள் ஓடியது மேற்கே, வாவிக்கு. மிச்சத்தை நீங்கள் அறிவீர்கள். வாடைக்காற்றில் வாவி எப்படி எழும்பும் என்று பட்டணத்து ஆட்களுக்குத் தெரியாது. ஆழம் இல்லாத தண்ணீர், ஆனால் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு தோணியிலும் மூன்று வீட்டு ஆட்கள். இறந்தவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. நான் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன், கஜானியின் பெயரை ஒரு எழுத்துப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். திருத்திவிடுங்கள்.

புயல் பொழுதுபடுமுன் வடக்கே திரும்பிவிட்டது. தாழைமுனையில் ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை. சீதேவியின் கருவாடு மழையில் நனைந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சீதேவியைப் பார்க்கப் போனேன். அவளை மீன்பிடிக்காரர் யாரோ தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரைசேர்த்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மணி அடிச்சபடியாத்தான் எழும்பினம் அக்கா. காலையில நான் உங்களப் பகிடி பண்ணினன், மனசில வெச்சிராதீங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "கடல் எதுவரைக்கும் வந்த?"

"வீதி வரைக்கும்" என்றேன்.

அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் ஆறுதல். இப்போது அவளுக்கு விசயம் தெரிந்துவிட்டதாம். என் வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போகிறாள். உள்ளே வந்து இரு என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன்.

சரி, நீங்கள் கேட்க வந்ததைச் சொல்கிறேன். சுபாகரன் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். நல்ல பிள்ளை, என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். நான் கயிற்றில் கை வைத்தபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, வேணாம். இந்த மணிக்கு அவங்க வீதிக்கு வரமாட்டாங்க, தோணிக்குத்தான் போவாங்க. வாவியப் பாருங்க" என்றான். கோயில் வாசலிலிருந்து வாவி தெரியும். பார்த்தேன். அக்கரை வரைக்கும் வெள்ளை நுரை.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்றும் இல்லை. சுனாமி வந்தால் வீதி கடலோடு போய்விடும், வீதிப் பக்கம் திரும்பக்கூடாது, வாவிக்கு ஓடித் தோணியில் ஏறு, துடுப்பைத் தோணிக்குள்ளேயே வை, சாமான் எடுக்கத் திரும்பாதே என்று அவர்களுக்குப் படிப்பித்ததே நான்தான். வருடாவருடம், இந்த நல்ல குரலால். ஒத்திகையில் ஒருநாளும் சரிவராது. ஒருத்தி துடுப்பை மறப்பாள், ஒருவன் பாதியில் பீடி பற்ற நிற்பான், சீதேவி மீனை மூடிவிட்டு வருகிறேன் என்று திரும்புவாள். நான் வெயிலில் நின்று கத்துவேன். சிரிப்பார்கள்.

எங்கே போவார்கள் என்று தெரிந்துதான் இழுத்தேன். எங்கேயாவது போகட்டும், இருந்த இடத்தைவிட்டு எழும்பினால் போதும் என்று அந்த நேரத்தில் பட்டது. முதல் தோணி கவிழ்ந்ததையும் மணியை அடித்துக்கொண்டே பார்த்தேன். கஜானி அதில் இல்லை. அவள் இன்னும் கரையில், தோணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றாள். அப்போது மணியை நிறுத்தியிருந்தால் கரையில் நின்றவர்கள் திரும்பியிருப்பார்கள். சுபாகரன் அழுதுகொண்டு என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் நிறுத்தவில்லை. என் கண்ணுக்கு முன்னால் ஊர் முழுக்க, ஒருவர் மிச்சமில்லாமல், நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் துடுப்பை மறக்கவில்லை.

இவ்வளவுதான் தம்பி. எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமோ அங்கே வைக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மக்கள் அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படவில்லை என்று செயலாளர் ஐயா தன் அறிக்கையில் எழுதியிருக்கிறாராம். அந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். கட்டுப்பட்டார்கள்.