முப்பத்தெட்டாம் தாளில் இருந்த முகம்

என் பெயரும் கதவு எண்ணும் தெருவும் மேல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் தகராறு இல்லை. வயது ஐம்பத்திரண்டு, என் மனைவி கணக்குப்படி ஐம்பத்து நான்கு. தொழில், சுவரில் ஓட்டுச் சில்லு பதித்துப் படம் செய்வது, அதாவது மொசைக் வேலை.

விசாரணைக்கு உதவும் என்பதால் ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகக் கட்டிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்துக்கு நான் செய்து கொடுத்த ஆற்றுப் படத்தில், படகு தள்ளுகிறவனுக்கு என் முகத்தை வைத்தேன். இருபத்தாறு வயதில் எனக்கு இருந்த முகம். இப்போதைய முகம் என்றால் இரண்டு தாள் பிடித்திருக்கும். ஒப்பந்தத்தில், உயிரோடு இருக்கும் யாருடைய சாயலும் படத்தில் இருக்கக் கூடாது என்று ஓட்டல் முதலாளி தனியாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அவருடைய பழைய ஓட்டல் சுவரில் வரையப்பட்டிருந்த ஆள் ஒருவர், சுவரில் இருப்பது நான்தான் என்று சொந்தபந்தத்தோடு வந்து தினமும் சும்மா காபி குடித்தாராம். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

படம் இருபத்து நான்கு அடி அகலம், பத்து அடி உயரம். ஒரு படகு, பன்னிரண்டு பயணிகள், ஒரு படகோட்டி. இதை இரண்டடிக்கு இரண்டடி பழுப்புத் தாள்கள் அறுபதில் என் வீட்டுக் கூடத்தில் செய்தேன். ஐந்து மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள். வேலை முறை கேட்டதால் சொல்கிறேன். தாளில் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, சில்லின் பளபளப்பான பக்கத்தை மாவுப் பசையில் தாளோடு கவிழ்த்து ஒட்ட வேண்டும். மேலே தெரிவது முதுகுப் பக்கம் மட்டும். அது எல்லாச் சில்லுக்கும் ஒரே மண் நிறம். சுவரில் பதித்து, தாளை நனைத்து உரிக்கும்போதுதான் செய்தவனே படத்தைப் பார்ப்பான். முகத்தை ஒரு பழைய புகைப்படத்திலிருந்து கட்டம் போட்டு எடுத்தேன். ஒரு கட்டத்தில் பாதி மூக்கு, அடுத்ததில் மீதி மூக்கு என்று போகும். முழு முகத்தையும் நான் ஒரு தடவையும் பார்க்கவில்லை. முகம் இருந்தது முப்பத்தெட்டாம் தாளில்.

சுவரில் பதிக்கும் வேலையை என் சகலையிடம் கொடுத்தேன். அவர் என் மனைவியின் அக்கா கணவர், ஓடு பதிக்கும் மேஸ்திரி. எனக்கும் அவருக்கும் ஒரே மேடையில், ஒரே நாளில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அவர் தலையில் ஒரு முடிகூடக் கொட்டவில்லை. இதைச் சந்தேகமாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்று அதிகாரி சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு நடந்தவை வருமாறு. முதல் நாள் ஐம்பத்தொன்பது தாள்கள் வேனில் போயின. முப்பத்தெட்டாம் தாளை மட்டும் சகலை துண்டில் சுற்றித் தன் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "முகம் இருக்கிற தாளு சகல, வேன்ல குலுங்கி மூக்கு பேந்துட்டா என்ன பண்றது?" என்றார். என் வீட்டிலிருந்து ஓட்டலுக்குப் பத்து நிமிடப் பாதை. அவருக்கு அன்று நாற்பது நிமிடம் பிடித்தது. பெட்ரோல் போட்டேன் என்கிறார்.

அதன் பிறகு நான்காம் நாள், அவர் அந்தத் தாளை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, பென்சில் கோட்டை உற்றுப் பார்த்து, "யாரு சகல இந்தப் படகுக்காரன்? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு" என்று கேட்டார். யாருமில்லை, கற்பனை என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அதிகாரி கேட்டதற்கு, மாமனார் வீட்டில் அவர் தட்டில் முதலில் பரிமாறும்போது சிரிக்கும் அதே சிரிப்பு என்று சொன்னேன்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவர் தரையில் கிடந்த உடைந்த சில்லுகளைப் பொறுக்கி, தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனார். பூந்தொட்டியில் ஒட்டி அழகு பார்ப்பதற்கு என்றார். அத்தகைய பூந்தொட்டி ஒன்று அவர் வீட்டில் கைப்பற்றப்பட்டிருப்பதாக அறிகிறேன். ஒரு பூந்தொட்டிக்கு ஏழு நாள் சில்லு எதற்கு? ஒரு முகத்துக்கு அது சரியாக இருக்கும்.

அதன் பிறகு பதினோராம் நாள் காலை பத்து மணிக்குத் தாள்களை நனைத்து உரித்தார்கள். முகத் தாளுக்கு வந்ததும் சகலை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் மேலே மூச்சு விடுவதாகக் காரணம் சொன்னார். ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தார். முதலில் மோவாய், பிறகு மீசை, பிறகு மூக்கு. அதற்குள் வரவேற்பு மேசைப் பெண், "இது நம்ம மேஸ்திரி சார்ல?" என்றார். ஏணியில் நின்றிருந்த மின்சாரக்காரர், "படகுக்காரன் தொப்பி போட்டுட்டா மட்டும் தெரியாதா? அந்த மூக்கு ஒண்ணு போதுமே" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் சுவரையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சுவரில் இருந்தது சகலையேதான். சகலை நனைந்த தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். "சகல, நான் என்னத்தக் கண்டேன். நீங்க ஒட்டுனீங்க, நான் வச்சேன், நனைச்சேன், உரிச்சேன். உள்ள நான் இருக்கேன்" என்றார்.

மேலாளர் முதலாளிக்குத் தொலைபேசினார். இந்த முகத்தை யார் வைத்தது என்று முதலாளி கேட்டார். நான் வைக்கவில்லை என்றேன். அது உண்மை. நான் வைத்த முகம் வேறு.

அதன் பிறகு நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, முப்பத்தெட்டாம் தாளைச் சகலை திருடிக்கொண்டு, தன் முகத்தை வேறொரு தாளில் செய்து அந்த இடத்தில் பதித்துவிட்டார் என்று புகார் கொடுத்தேன். புகாரை வாங்கிய அதிகாரி, "அப்போ காணாமப் போனது உங்க முகம். அங்க அடையாளம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அடர்ந்த முடி, கூரான மூக்கு, ஒட்டிய கன்னம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழையது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

உரித்த பழுப்புத் தாளை இன்று என்னிடம் காட்டினார்கள். அதில் முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கும் எழுத்து என் எழுத்தைப் போலவே இருக்கிறது. எட்டுக்கு நான் போடும் கொண்டைகூட அப்படியே இருக்கிறது. எவ்வளவு நாள் திட்டம் போட்டிருந்தால் இது கைவரும் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சகலை வெள்ளிக்கிழமை வெளிநாட்டில் மூன்று வருட வேலைக்குப் புறப்பட வேண்டியவர் என்பதும், அவர் மேல் வழக்கு இல்லை என்று இந்த நிலையம் சான்றிதழ் கொடுத்தால்தான் விமானம் ஏற முடியும் என்பதும், என் ஒரு கையெழுத்தில் அது நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் என் மனைவி அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். எனக்குக் கொண்டு வரவில்லை. வாசலில் வைத்து என்னிடம், "உங்க மூஞ்சியத் திருடி அத்தான் என்ன பண்ணப் போறாரு? அதை வச்சிருக்கிற உங்களுக்கே ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா அழுதுக்கிட்டிருக்கா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ அந்தப் படத்தப் பாருங்க" என்றார். மூன்று வருடமாக எதற்கெடுத்தாலும் கண்ணாடிதான். எனக்குத் தூரத்துப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. கிட்டத்தில் இருப்பது எனக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

சகலை மேல் எனக்கு முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. போன வருடம் நான் மாடிப்படியில் விழுந்தபோது என்னைத் தூக்கிப் போனவர் அவர்தான், வழியெல்லாம் என் எடையைப் பற்றிப் பேசாமல் தூக்கிப் போனார். ஆனாலும் அந்தச் சுவரில் ஐம்பது வருடம் நிற்கப் போகும் முகம் அவருடையது. வழக்குப் பதிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என் முகத்துக்கு ஆதாரமாக, கட்டம் போட்டு எடுத்த அந்தக் கல்யாணப் படத்தை ஒப்படைக்கிறேன். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுள்ள படம். நடுவில் அக்காவும் தங்கையும் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் மாப்பிள்ளைகள். மாமனார் சிக்கனக்காரர் என்பதால் இருவருக்கும் ஒரே துணியில் கோட்டு. பூச்சாடிக்குப் பக்கத்தில் லட்சணமாக நிற்பவன் நான்.

எழுத்துப் பொடியாக இருந்ததால் அதிகாரி வாசிக்க நான் கேட்டேன். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகச் சொன்னது இது. என் கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் இதில் சேர்க்கவில்லை.

(கையெழுத்து, குறித்த கோட்டுக்கு அரை அங்குலம் கீழே)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்படி சகலையை மாலை நான்கு பத்துக்குச் சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பினேன். புகார்தாரர் ஒப்படைத்த படத்தின் பின்புறத்தில் பென்சிலால், அவர் மனைவியின் கையெழுத்தில் எழுதியிருப்பது: "பூச்சாடிக்குப் பக்கத்தில் அத்தான். திரைக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பது இவர்."