வரிசையில் முதல் பெயர்

அலுவலகத்துக்குக் காலையில் முதல் ஆளாக வருவது நான்தான். சன்னல்களைத் திறந்துவிட்டு, நேற்றைய கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. நீங்கள் என்னைப் பற்றி விசாரித்திருந்தால் இதையும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. மருத்துவர் மருந்து எழுதும் பக்கம் பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருந்தது. போன வருடம் சிட்டு வந்தாள். அலுவலகம் வைத்த பெயர் அது, அவ்வளவு சுறுசுறுப்பு. ஆறே மாதத்தில் மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது: பெரியவர். எனக்கு முப்பத்தொன்பது வயது. சிட்டு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்துபோனாள். அன்று என் மனைவிகூட, “அந்தப் பொண்ணு எவ்ளோ சூட்டிகை, பாத்தீங்களா” என்றாள். பார்த்தேன் என்றேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை இயக்கும் நிரலான கன்ட்ரோலருக்கு இரண்டு தாய்க் கிளாஸ்கள், அதாவது அது தன் வேலைகளை வாங்கிக்கொள்ளும் இரண்டு நிரல்கள். ஒன்று நான் எழுதியது; உள்ளே வந்தவர் யார், என்ன செய்தார் என்று குறித்துக்கொள்ளும். மற்றது சிட்டு எழுதியது. நோயாளிக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளும், மருத்துவர் அதில் ஒன்றை எழுதினால் சிவப்புப் பெட்டி காட்டித் தடுக்கும். பக்கம் திறந்ததும் இரண்டின் கன்ஸ்ட்ரக்டரும், அதாவது தொடக்கப் பகுதியும், ஓட வேண்டும். கன்ட்ரோலர் கோப்பில் பெயர் முதலில் நிற்பது தன் வேலையை முடித்து அடுத்ததைக் கூப்பிட வேண்டும், ஒரே ஒரு வரிதான். சிட்டு அந்த வரியை எழுதியிருந்தாள். என்னுடையதில் அது கிடையாது. நான் எழுதிய காலத்தில் கூப்பிட வேறு யாரும் இல்லை.

அதனால் அவள் கிளாஸை முன்னாலும் என்னுடையதைப் பின்னாலும் வைத்திருந்தாள். சரியான முடிவு. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. மாற்றத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியவள் சிட்டு. “அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்று படிக்காமலே ஒப்புதல் கொடுத்தாள்.

அன்றே ஒரு பொய் நோயாளியை உருவாக்கிப் பார்த்தேன். சிவப்புப் பெட்டி வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. அவளுடைய கன்ஸ்ட்ரக்டர் ஓடாததால் பட்டியல் காலியாகவே இருந்தது. காலிப் பட்டியலில் எந்த மருந்தும் இருக்காது. யாராவது ஒரு செவிலியர் கவனித்துப் புகார் செய்வார், மேலாளர் அவளை நாலு வார்த்தை கேட்பார், நான் ஒரே நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பேன் என்று நினைத்தேன். புகார் வரவில்லை. பெட்டி வராவிட்டால் மருந்து பாதுகாப்பானது என்று மருத்துவமனை பழகியிருந்தது.

ஒன்பதாம் நாள், காலில் புண்ணோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர் ஊசி போட்ட கால்மணி நேரத்தில் இறந்தார். அந்த மருந்து அவருக்கு ஆகாது என்பது பதிவில் இருந்தது.

மறுநாள் மதியம் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் சிட்டுவிடம், “உன்ன நம்பித்தானம்மா விட்டேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், பார்த்துவிடலாம் என்றேன்.

சிட்டு என் மேசைக்கு வந்தாள். “அண்ணா, கொஞ்சம் பக்கத்துல உக்காந்து பாருங்களேன். எனக்குக் கண்ணே தெரியல.”

உட்கார்ந்தேன். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவள் கிளாஸை வரி வரியாகப் படித்தோம். ஒவ்வொரு வரியையும் அவளை விளக்கச் சொன்னேன். கன்ட்ரோலர் கோப்பை அவள் ஒருமுறை திறக்கப் போனாள். அதில் ஒன்றும் இல்லை, நான்தான் பார்த்தேனே என்றேன். மூடிவிட்டாள்.

நான்கு பத்துக்கு அதே மருத்துவமனையில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். அதன் பிறகு நடந்தது உங்கள் வழக்குக் கோப்பில் இருக்கிறது.

ஓட்டுநர் விஷயத்தை அலட்சியம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குழந்தை விஷயத்தில் அப்படி எழுத வேண்டாம். அப்போது எனக்கு எல்லாம் தெரியும். பெயர்களைப் பழையபடி மாற்ற அரை நிமிடம் போதும், விசைப்பலகையும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரமும் சிட்டு என்னைத் தவிர வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.