ஆறு மணி ரிப்போர்ட்

— எழுந்திருக்காதே, உட்காரு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் எங்கே வேணா போ.

— எங்கேயும் போகலைண்ணா. அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட்டுட்டு வந்துடறேன்.

— விட்டாச்சு. மூணு மணிக்கே நான் விட்டுட்டேன், தூங்கறாங்க. மருந்துக்கடைக்காரன் வீட்ல மருந்து நேரம் தப்புமா? இந்தா, இந்த நோட்டைப் பிடி. முதல் வரியைப் படி.

— என்னண்ணா இது? கீபோர்டு மேல பூனை நடந்த மாதிரி இருக்கு.

— ஏங்க, நேத்துதான் வந்து இறங்கியிருக்கா. அதுவும் ஒன்றரை வருஷம் கழிச்சு, அத்தைக்குக் கண் ஆபரேஷன்னு. ஒரு வாய் டீயாவது நிம்மதியாக் குடிக்க விடுங்களேன்.

— குடிக்கட்டும். டீ குடிக்க வாய்தானே வேணும், கண்ணு சும்மாத்தானே இருக்கு. கேளு குட்டி. ஒவ்வொரு ஏர்போர்ட்லயும் அரை மணிக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்து எழுதுவாங்க. காத்து, மழை, மேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுது, எல்லாம் ஒரே வரில. பைலட்டுங்க படிக்கறதுக்கு. பழசெல்லாம்கூட நெட்ல கிடக்கு, எந்த வருஷம் எந்தத் தேதி வேணும்னாலும் எடுக்கலாம்.

— மூணு மாசமா இதே பைத்தியம்தான் உங்க அண்ணனுக்கு. மத்தியானம் கடைல ஆள் இல்லைன்னா நோட்டும் கையுமா உட்கார்ந்துடறது. சாப்பிட வாங்கன்னு ஃபோன் போட்டா, "இரு, மேகத்துல இருக்கேன்"கறார். வயசான காலத்துல பைலட் ஆகப் போறாரோன்னு பயந்துட்டேன்.

— இருபது வருஷமா டாக்டருங்க கையெழுத்தைப் படிக்கிறவன் நான். இது எனக்கு எம்மாத்திரம்? படி குட்டி.

— ஒண்ணு நாலு பூஜ்ஜியம் ஆறு பூஜ்ஜியம் பூஜ்ஜியம், இசட்.

— முதல் ரெண்டு எழுத்து தேதி. பதினாலாம் தேதி. அடுத்த நாலும் மணி, நிமிஷம். ஆறு மணி.

— இசட்?

— அது ஒண்ணுமில்லை. ப்ரிஸ்கிரிப்ஷன்ல கடைசி மருந்துக்குக் கீழே டாக்டர் ஒரு இழுப்பு இழுப்பார் பாரு, வேற யாரும் சேர்த்து எழுதிடக் கூடாதுன்னு. அந்த மாதிரி. மேலே போ. ஆறாயிரம்னு இருக்கா? ஆறாயிரம் மீட்டர் தூரத்துக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுதுன்னு அர்த்தம். பனின்னா எஃப்-ஜின்னு ரெண்டு எழுத்து இருக்கணும். இருக்கா? நல்லாத் தேடிப் பாரு.

— இல்லை.

— எந்த ஊர் ஏர்போர்ட்னு கேக்கலையே நீ?

— எங்க ஊர். எனக்குப் புரிஞ்சுடுச்சுண்ணா. அப்பா போன அன்னைக்கு உள்ளது.

— ஐயோ, இதுக்குத்தானா? இதைப் பார்க்கத்தான் மூணு மாசம் படிச்சீங்களா?

— ஆமாம், இதுக்குத்தான். பின்னே எனக்கு மேகத்து மேல என்ன காதலா? ஆறு மணி ப்ளைட். "பனிண்ணா, எதிரே இருக்கற ஆள் தெரியலை, ஒரு ப்ளைட்டும் கிளம்பலை"ன்னு ஃபோன்ல அழுதா. நான் அதை அப்படியே அப்பா காதுல சொன்னேன். அந்த மனுஷன் பதினொரு மணி வரைக்கும் உயிரைப் பிடிச்சுக்கிட்டு வாசலையே பார்த்தாரு. பனி விலகிடுச்சா, பனி விலகிடுச்சான்னு என்னையே கேட்டாரு. உனக்குத் தெரியும்ல, நீதானே அவர் கண்ணைத் துடைச்சு விட்டே.

— தெரியும்ங்க. மெதுவாப் பேசுங்க, அத்தை முழிச்சுக்கப் போறாங்க.

— அண்ணா, என்னைக் கொஞ்சம் சொல்ல விடு.

— நான் முடிச்சுக்கறேன். உங்க ஊர்ல பனியாவது ஒண்ணாவது, ஆளைச் சுட்டுப் பொசுக்கற ஊர். அன்னைக்கே எனக்கு நெஞ்சுல முள்ளு. ஆதாரம் இல்லாம ஒருத்தி மேல பழி போடக் கூடாதுன்னுதான் பொறுத்தேன். இப்ப இருக்கு. ஆறாயிரம் மீட்டர்! சொல்லு, இப்ப சொல்லு.

— அண்ணா...

— இருங்க ரெண்டு பேரும். வெளியில இருட்டிக்கிட்டு வருது. ஏங்க, இவ்வளவு படிச்சிருக்கீங்களே, நம்ம ஊர் ஏர்போர்ட்ல இப்ப என்ன எழுதியிருக்கான்னு பாருங்க. மாடி பூராத் துணி.

— பேச்சை மாத்தறியா நீ?

— ஆமாம், மாத்தறேன். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க. அத்தையோட போர்வையும் மேலேதான் காயுது. பாருங்க.

— நான் இன்னைக்கு உள்ளதெல்லாம் பார்க்கறதே இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள். சரி, இரு... நம்ம ஊர்... வந்துடுச்சு. பத்தரை மணி. சின்னத் தூறல்.

— பத்தரை மணிக்கா? பத்தரை மணிக்குத்தானே துணியையே போட்டேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு!

— அப்படித்தான் போட்டிருக்கான்.

— மூணு மாசம் படிச்சு இதுதானா? இப்ப மணி நாலு, அரை மணிக்கு ஒண்ணு வரும்னீங்க. பத்தரை மணியோட அவன் தூங்கிட்டானா?

— ஏதோ கோளாறு. இதுதான் கடைசியா வந்தது.

— அண்ணி, ஜன்னல்ல பாருங்க. தூறல் விழுது.

— ஐயையோ, துணி! நான் ஓடறேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

— அண்ணா, அவங்க வர்றதுக்குள்ள நான் சொல்லிடறேன்.

— இரு. தூறல்னு எழுதியிருக்கான். இப்பத்தான் தூறுது. ஆனா பத்தரை மணின்னு...

— அதை விடுண்ணா. மூடி வை.

— நீ கணக்கு டீச்சர்தானே, சொல்லு. இங்கே நாலு, அங்கே பத்தரை. அஞ்சரை மணி நேரம் பின்னாடி. இரு, இந்த இசட்டைத் தேடிப் பார்க்கறேன்... "உலகப் பொது நேரம். எல்லா நாட்டு ஏர்போர்ட்டும் இதே நேரத்தைத்தான் எழுதணும். உள்ளூர் நேரம் வேணும்னா கூட்டிக்கணும்." கூட்டிக்கணுமாம் குட்டி. நமக்கு அஞ்சரை கூட்டணும். உங்க ஊருக்கும் அதேதான்.

— அண்ணா, வேண்டாம்.

— அப்ப நான் பார்த்த ஆறு மணி, பகல் பதினொன்றரை. அப்பா போய் அரை மணி நேரம் ஆனப்புறம் உள்ளது. காலைல ஆறு மணின்னா பூஜ்ஜியம் முப்பது. அந்த வரி... நான் அதைப் பார்த்தேன் குட்டி. இதே நோட்ல எழுதி வெச்சிருக்கேன். நடுராத்திரின்னு நெனச்சு அடிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். இதோ. பதினாலு. பூஜ்ஜியம் பூஜ்ஜியம், முப்பது. காத்து இல்லை. நூறு மீட்டர். எஃப்-ஜி.

— அண்ணா...

— நூறு மீட்டர்! ஆள் தெரியலைன்னுதானே சொன்னே? நீ சொன்ன மாதிரியே எழுதியிருக்கான்.

— அழாதேண்ணா. ப்ளீஸ், நீ அழாதே.

— ஒன்றரை வருஷம் உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலையே நான். மருந்து மாத்திக் கொடுத்தவன் மாதிரி ஆயிடுச்சே. ஒரு எழுத்தைத் தப்பாப் படிச்சுட்டு உன்னைக் கூண்டுல ஏத்திட்டேனே.

— ஏங்க, என்ன ஆச்சு? ரெண்டு துணி நனைஞ்சதுக்கா இப்படி அழறீங்க?

— பனி இருந்திருக்கு. நிஜமாவே இருந்திருக்கு. நான்தான் நேரத்தைத் தப்பாப் படிச்சுட்டேன். என் தங்கச்சி பொய் சொல்லலை.

— அப்பாடா! எனக்கு எப்பவும் தெரியும்ங்க. பெத்த அப்பா சாகக் கிடக்கறப்ப எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லும்? கண்ணைத் துடைங்க. நீயும் துடைச்சுக்கோம்மா. இந்தா, இந்தத் துண்டு காய்ஞ்சுதான் இருக்கு.

— உன்கிட்ட இன்னொண்ணும் சொல்லணும் குட்டி. போன வாரம் அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்க பொண்ணு பொய் சொல்லியிருக்கான்னு. அம்மா அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை. ஆபரேஷன் முடிஞ்சும் உன் கையைத் தேடலை பாரு, அது மயக்கம் இல்லை. என் வேலை. நான் இப்பவே எழுப்பிச் சொல்லிடறேன்.

— எழுப்பாதேண்ணா.

— இல்லை, இது ஒரு நிமிஷம்கூட ஆறப் போடற விஷயம் இல்லை. நோட்டைக் கொடு. அம்மாவுக்கு நானே படிச்சுக் காட்டறேன்.

— கையை விடும்மா, அவர் போகட்டும். இதைக் கேட்டா அத்தைக்குப் பாதி வியாதி போயிடும்.

— எழுப்பாதீங்க அண்ணி, ரெண்டு பேரும் உட்காருங்க. அப்பா முகத்தை அப்படிப் பார்க்கப் பயமா இருந்துச்சு, அதான் பனின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பனி இருந்துச்சுன்னு எனக்கே இப்பத்தாண்ணா தெரியும், நான் அன்னைக்கு ஜன்னலைக்கூடத் திறக்கலை.