இட்லி குண்டானில் இன்ஜின்

கீழ்பென்னாத்தூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் படிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“இன்ஜினை இட்லி குண்டான்ல வேக வெச்சேன்.”

அதற்குப் பிறகு என்னால் பேப்பர் படிக்க முடியவில்லை.

“என்னாத்துக்கு மாமா?”

“அந்தப் பழைய பைக்குதான். புது பேரிங் உள்ள இறங்க மாட்டேன்னுச்சு. இன்ஜின் கூட்டைச் சூடு பண்ணா விரியும், பேரிங் தானா உக்காரும். நேரா அடுப்புல வெச்சா ஒரு பக்கம் ஜாஸ்தி காயும். ஆவின்னா சுத்தியும் ஒரே சூடு.”

“உக்காந்துச்சா?”

“டொக்குனு உக்காந்துச்சு. பேரிங்கை பிரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல வெச்சு நல்லா குளுர வெச்சிருந்தேன்ல!”

“எங்க அக்கா எங்க போயிருந்துச்சு?”

“மலை சுத்தப் போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள குண்டானைப் புளி போட்டு மூணு தடவ தேய்ச்சு, கவுத்து வெச்சிட்டேன்.”

“நீங்க பாத்திரம் தேய்ச்சீங்களா? அதுலயே மாட்டியிருப்பீங்களே மாமா.”

“ஒரு வார்த்தை கேக்கல.”

“அப்ப தெரியாது, விடுங்க.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்குக் காலையில வீட்ல எல்லாருக்கும் தோசை ஊத்துனா. எனக்கு மட்டும் இட்லி.”