கதவைப் பூட்டச் சொன்னவள்

“அந்த வெள்ளக்காரிக்கு நீங்க என்ன சொன்னீங்க, மஹ்மூதா ராத்தா? அல்லாஹ்வுக்காக உண்மயச் சொல்லுங்க!”

“கதவப் பூட்டிட்டுப் படுங்க எண்டு சொன்னன். அது குத்தமா?”

“அது மட்டுமா சொன்னீங்க? வெளி ஆக்கள் நெறய வாறாங்க, கவனம் எண்டு சொல்லல்லியா? அவ விடிய விடிய லைட்டப் போட்டுக்கொண்டு கட்டில்ல குந்தியிருந்திருக்கா!”

“பயந்தவ நல்லா இருப்பா.”

“அப்ப இந்த ஒழுங்கையில என்ன களவு போயிருக்கு? ஒண்டே ஒண்டு சொல்லுங்க பாப்பம். ஒரு தேங்கா? ஒரு முட்ட?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஹாஜரா, இந்தப் பக்கம் நான். நான் நன்றாக யோசித்தேன். “போன வருசம் கமீலாட கோழி காணாமப் போகல்லியா?” என்றேன்.

“அது கீரி!” என்று நாலு வீடு தள்ளியிருந்து கமீலா கத்தினாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. ஹாஜராவின் புருஷன் மர்ஸூக், மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்த மனிதன், அவனும் சிரித்தான். “கள்ளனில்லாத ஊருக்கு ஒரு காவக்காரி!” என்றாள் ஹாஜரா. அன்றைக்கே அந்தப் பேர் என்னோடு ஒட்டிக்கொண்டது.

கதவைப் பூட்டச் சொல்வது எந்த நாட்டிலும் குற்றமில்லை. நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு எங்கள் கரைக்கு வரலாமா, களவு பயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பணம் கொடுத்து வருகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

போர் முடிந்த பிறகுதான் எங்கள் பக்கம் பட்டக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சோளகக் காற்று பிடித்தால் கடலோரக் களப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று பறப்பார்கள். எங்கள் பள்ளிவாசல்துறையில் சிறுவர்கள் சும்மா பட்டம் விட்டதற்கு அடி வாங்கியிருக்கிறார்கள். இவர்கள் அதற்கு விமானம் ஏறி வருகிறார்கள். ஹாஜரா தன் வளவில் மூன்று அறை கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். பின்னால் மகள் நிஃப்லாவுக்கென்று ஒரு வீடு சுவரோடு நின்றது. எங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். கூரை ஏறினால் நிக்காஹ். கூரை ஏறுவது அறைகள் நிறைவதைப் பொறுத்தது. இது ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளை நளீர். கரைத்தீவுப் பக்கம். வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் ஓங்கல், அதாவது டொல்பின் மீன், துள்ளுவதைக் காட்டுகிறவன். அவனுடைய வாப்பா உம்மா தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கேதான். ஆனாலும் எங்களுக்கு அவன் வந்த ஆள். இங்கே பிறந்தவன் எப்படி வந்தவனானான் என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்டதில்லை.

அந்த வெள்ளைக்காரி அன்னெக்கா. புருஷன் வில்லெம். ஒல்லாந்துக்காரர்கள். அவர்களுடைய பாட்டன்மார் இங்கே கல்லால் கோட்டை கட்டி உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டவர்கள், ஆகையால் எங்களைக் கண்டு பயப்படுவது அவர்களுக்குப் பரம்பரை வழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் ஒரு பஸ் நிறையக் கூட்டாளிமாரைக் கூட்டிவரப் போகிறார்களாம். பிரேசிலா, சான்சிபாரா, எங்கள் கரையா என்று முடிவெடுக்க முன்கூட்டியே பார்க்க வந்திருந்தார்கள். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, வழியில் கண்டவர்களையெல்லாம் நிறுத்தி, இங்கே களவு உண்டா, இருட்டினால் நடக்கலாமா என்று கேட்பார்கள்.

“உங்கட ஊர்ல கள்ளன் இல்லியா?” என்று நான் ஒருநாள் கேட்டேன். குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்தவள், அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். வில்லெம் சிரித்தான். சைக்கிள் மட்டும் போகுமாம், அவனுடையது மூன்று போய்விட்டதாம். சொந்த ஊரில் போனால் அது கணக்கில்லை போலும்.

குவைத்தில் என் மேடம் வெள்ளிக்கிழமை தோறும் கரண்டி எண்ணுவாள். ஒன்றும் குறைந்ததில்லை. அவள் எண்ணுவதை நிறுத்தவுமில்லை. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது மனது எரிந்தது. பிறகு விளங்கிற்று: அவள் எண்ணியதால்தான் குறையவில்லை. அந்த அறிவை அன்னெக்காவோடு பகிர்ந்துகொண்டேன், வேறொன்றுமில்லை. அதற்குத்தான் அந்தச் சண்டையும் சிரிப்பும்.

சிரிப்பு ஒரு கிழமையாக ஓயவில்லை. குழாயடிக்குப் போனால், “காவக்கார ராத்தா, எங்கட வாளிய ஒருக்காப் பாத்துக்கோங்க” என்பாள் கமீலா. நான் பொய் சொன்னவள் ஆகிவிட்டேன். என் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. கள்ளன் வருவான் என்று சொன்னேன், இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஒருவன் எவ்வளவு லேசாக வந்து போகலாம் என்பதை அவர்களுக்குக் காட்டிவிட்டால் போதும் என்று பட்டது.

முதலில் வில்லெமின் ஒற்றைச் செருப்பை எடுத்தேன். வேலி இடைவெளியால் போய் எடுத்து வர, அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. பின்னேரம் ஹாஜரா செருப்பைத் தேடினாள். “அந்தச் சொறி நாயிட வேல,” என்று முடித்துவிட்டாள். ஒரு செருப்புக்கு ஒரு நாய் என்பது நியாயம்தான். பிழை என்னுடையது.

அடுத்தது கொடியில் காயப்போட்டிருந்த அன்னெக்காவின் நீச்சல் சட்டை. அதைச் சோளகம் கொண்டு போய்விட்டது என்றார்கள். மர்ஸூக் களப்பு ஓரமாக நடந்து தேடிவிட்டும் வந்தான். காற்று, நாய், கீரி. இந்த ஒழுங்கையில் எல்லாவற்றுக்கும் ஒரு வாயில்லா ஜீவனைப் பிடித்துவிடுவார்கள். மனிதனைச் சந்தேகிக்க அவர்களுக்குப் பழக்கமில்லை. அது அவர்களுடைய குறை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்னெக்காவுக்கு எங்கள் நண்டுக்கறியில் ஆசை. ஒரு நாள் நிஃப்லாவோடு குசினியில் நின்று நண்டு உடைத்தாள். கையில் மசாலா பிடிக்கும் என்று கலியாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் படியில் வைத்தாள். லுஹர் நேரம், நடுப்பகல். நளீர் பின்பக்கத்தால் வந்து ஒரு கோர்வை மீனைக் குசினி வாசலில் தொங்கவிட்டு, நிஃப்லாவிடம் ஏதோ சொல்லி, அவள் கரண்டியை ஓங்க, சிரித்துக்கொண்டு போனான். பிறகு எல்லாரும் சாப்பாட்டோடு முன்பக்கம் போனார்கள். நான் கறிவேப்பிலை கேட்டுப் போனேன். குசினியில் யாருமில்லை. கறிவேப்பிலையும் எடுத்தேன்.

மோதிரத்தைக் காணவில்லை என்றதும் ஹாஜரா சொன்னது என்ன தெரியுமா? “காகம் கொண்டு போயிருக்கும்.”

நல்லவேளை, வில்லெம் காகத்தை நம்பவில்லை. அவன் யாரையும் குற்றம் சொல்லவுமில்லை, பாவம். காப்புறுதிக்காரர்களிடம் காட்டப் பொலிஸ் கடிதம் ஒன்று வேண்டுமாம், அவ்வளவுதான். கடிதத்துக்காகத்தான் பொலிஸ் வந்தது. வந்த சார்ஜன்ட் அரைகுறைத் தமிழில், அந்த வளவுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று என்னிடம் கேட்டார். காவக்காரியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

“நளீர் வந்தான் சேர், மீன் கொண்டு,” என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன்.

“எந்த ஊர் ஆள்?”

“கரைத்தீவு.”

“அகதி முகாம் ஆளா?”

“நான் அப்பிடிச் சொல்லல்ல சேர். அவங்க இப்ப வீடு கட்டிட்டாங்க.”

சார்ஜன்ட் தலையாட்டினார். அன்றைக்கே நளீரைப் படகுத்துறையில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாலையில் நிஃப்லா என்னிடம் ஓடி வந்தாள். முகம் கழுவவில்லை, தலையில் சால்வை சரியாக இல்லை.

“மாமி, நீங்க பகல் முழுக்க இங்கதானே இருந்தீங்க. வேற ஆராச்சும் எங்கட குசினிப் பக்கம் வந்ததக் கண்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமி. அவர உள்ளுக்குப் போட்டு அடிக்கிறாங்களாம்.”

நான் நல்லா யோசித்தேன். “இல்ல மகள். வேற ஒருத்தரயும் நான் காணல்ல,” என்றேன். தன்னைத்தானே ஒருவர் காண்பதில்லை. அவளை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்றாள். சீனி கூடப் போட்டுக் குடிக்க வைத்தேன். என் மடியில் தலையை வைத்து அழுதாள். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

மறுநாள் மர்ஸூக் சோற்றுப் பொட்டலத்தோடு போய், பொட்டலத்தோடேயே திரும்பி வந்தான். “வாய் திறக்க ஏலாம இருக்கான் ராத்தா,” என்றான். “மோதிரம் எங்க எண்டு கேக்குறாங்க. அவனுக்கு எங்க தெரியும்? அத எங்கயாச்சும் கண்டெடுத்தா இப்பவே விட்டுருவாங்க.”

மோதிரம் என் அரிசி டின்னுக்குள் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய மோதிரம், உள்பக்கம் ஏதோ எழுத்து. அதைக் குசினிப் பின்னால் போட்டிருந்தால் நிஃப்லாவே கண்டெடுத்திருப்பாள், நளீர் அன்றைக்கே வெளியே வந்திருப்பான். இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அப்புறம் என்ன ஆகும்? பார்த்தீங்களா, காகம்தான் போட்டுட்டுப் போயிருக்கு என்பாள் ஹாஜரா. கமீலா வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள். மறுபடியும் எல்லாரும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படுப்பார்கள். நாளைக்கு உண்மையான கள்ளன் ஒருவன் வந்தால் யார் பதில் சொல்வது?

மீன் கழித்த குடலும் செதிலும் கொட்டக் களப்புக்குப் போனபோது அதையும் சேர்த்துக் கொட்டினேன். களப்பு ஆழமில்லை, சேறுதான் ஆழம். அடுத்தவர் பொருளை நான் வைத்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். களவு என்பது வைத்துக்கொள்வது.

அதற்கு மறுநாள் விட்டார்கள். பொலிஸ் தானாக விடவில்லை. அன்னெக்காவே போய், எங்களுக்குக் கடிதமும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம், இந்தப் பையனை விடுங்கள் என்று அழுதிருக்கிறாள். நளீருக்கு இடது காது கேளாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். படகோட்ட ஒரு காது போதாது என்கிறார்கள். எனக்குத் தெரியாது, நான் படகோட்டியதில்லை.

ஒல்லாந்துக்காரர்கள் சான்சிபாரைத் தெரிந்தெடுத்தார்கள். போகிற அன்று அன்னெக்கா என் இரண்டு கையையும் பிடித்து, “நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை” என்றாள். ஹாஜரா பக்கத்தில் நின்றாள். கமீலாவும் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே கமீலா புத்தளத்துக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாள், எது நல்ல பூட்டு என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

ஹாஜராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நளீரை அவள் ஒரு நிமிஷமும் சந்தேகிக்கவில்லை. கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஓலை போட்டாவது நிக்காஹை முடிப்போம் என்று கரைத்தீவுக்கு நடையாய் நடந்தாள். நளீர்தான் மாட்டேன் என்றுவிட்டான். “மாமி, நாளைக்கு அந்த ஒழுங்கையில ஒரு கரண்டி காணாமப் போனாலும் எல்லாரும் என்ட கையத்தான் பாப்பாங்க. நிஃப்லாவும் பாப்பா. பாக்கல்ல எண்டாலும் பாக்குறா எண்டு நான் நினைப்பன்,” என்றானாம். வந்த ஆட்களுக்கு ரோசம் கூட.

பிறகு அவன் கத்தாருக்குப் போனான். இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்று கேள்வி. நிஃப்லா இரண்டு வருடம் வருகிற பேச்சையெல்லாம் தட்டிவிட்டு, கடைசியில் கனமூலையில் கடை வைத்திருக்கும் பதுர்தீனை முடித்தாள். முதல் மனைவி மௌத்தாகித் தனித்தவர், இரண்டு பிள்ளை. வீடு கட்டி முடியாததால் அவள்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். எங்களில் அது கொஞ்சம் குறைவுதான், ஆனால் மனிதர் நல்லவர் என்கிறார்கள். ஹாஜராவும் மர்ஸூக்கும் மகளோடு கனமூலைக்கே போய்விட்டார்கள். போகும்போது மூன்று அறைச் சாவியையும் நம்பி அமானிதமாக என்னிடம்தான் தந்தாள். “உங்கள விட்டா எனக்கு வேற ஆரு ராத்தா?” என்று கட்டிப்பிடித்து அழுதாள். வாடகையை மாதாமாதம் அனுப்புகிறேன், ஒரு சதம் குறைந்ததில்லை.

ஆகவே நீங்கள் தாராளமாக வரலாம். சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் யாரையும் விசாரித்துப் பாருங்கள்: நளீர் போன நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை.