ஓடைக்கு உடம்பு தேறிய வருஷம்

தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் எல்லோருக்கும் சந்தோஷம் வருகிறது. எனக்கு வராது, மேடம். அமிலம் ஏறிய ஓடைதான் ரொம்பத் தெளிவாக இருக்கும். பாசி இருக்காது, புழு இருக்காது, அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். தேர்வாய் கண்டிகைக்கு அப்பால், ஆந்திர எல்லைக் குன்றுகளிலிருந்து இறங்கும் நெல்லியோடையை நான் முதன்முதலில் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. காலேஜ் பிள்ளைகள் அதில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

டேங்கர் டிரைவர் சுப்பிரமணியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஓடையில் இறால் பிடிக்கும் எல்லம்மாவின் கண் போனதற்கு அவரை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் ஓட்டுவது குடிதண்ணீர் வண்டி. சாப்பிடுவதற்காக ஓடையின் சிறுபாலத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். டேங்கரைப் பார்த்ததும் ஜனங்களுக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேட்டில் ஒரு இரும்பு ஆலை இருந்தது. துருவை அமிலத்தில் கழுவி, கழுவிய தண்ணீரை வருஷக்கணக்காக டேங்கரில் கொண்டுவந்து ஓடையில் விட்டார்கள். கோர்ட் உத்தரவில் ஆலையை மூடிய பிறகு, ஓடையைத் தேற்றும் வேலை எங்கள் அறக்கட்டளைக்கு வந்தது. விலங்கியல் படித்தவள் என்று என்னை அனுப்பினார்கள். சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டுவதும், அமில அளவு பார்ப்பதும், கல்லைப் புரட்டி உயிர் இருக்கிறதா என்று தேடுவதும்தான் வேலை. சுலபமாகத் தேறாது. நன்றாக இருப்பது போலத் தெரியும். ஐப்பசியில் முதல் மழை பெய்ததும், மண்ணில் தங்கிய பழைய அமிலமெல்லாம் கரைந்து ஓடைக்கு இறங்கும். வந்த பூச்சிகள் ஒரே நாளில் செத்து மிதக்கும். நான் கரையில் உட்கார்ந்து அழுவேன். மறுபடி ஆரம்பிப்பேன். அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

என் கணவர் சரவணகுமார் பைக் விபத்தில் படுத்துக் கிடந்தபோதும் நான்தான் பார்த்துக்கொண்டேன். சோறு ஊட்டினேன். கையைப் பிடித்து நடக்க வைத்தேன். ராத்திரி பகல் என்றில்லாமல் ஹேமா, ஹேமா என்று கூப்பிடுவார். தேறியதும் ஒசூரில் வேலை கிடைத்துப் போனார். சண்டையெல்லாம் இல்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டாம்.

பிறகு ஒரு ஐப்பசியில் முதல் மழை பெய்தும் ஓடைக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் தன்னிடமிருந்த அமிலத்தைக் கொடுத்து முடித்துவிட்டது. சென்னையிலிருந்து எங்கள் இன்ஜினியர் துளசிராமன் போன் பண்ணினார். "ஹேமா, பேஷன்டை டிஸ்சார்ஜ் பண்ணிடலாம் போலிருக்கே" என்று சிரித்தார். கோர்ட் போட்ட கமிட்டி வந்து பார்த்துச் சரி என்றால் ஓடையைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டு, என்னை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவார்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கமிட்டி வருவதற்கு முன்னால், மழை விட்ட காலையில், ஓடையில் கொஞ்சம் ஊற்றினேன். சாகும் அளவுக்கு இல்லை. இன்னும் கவனிப்பு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு. முதல் மழையின் வேலை என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட, போன வருஷங்களில் அப்படித்தானே நடந்தது. அதற்கடுத்த வருஷமும் ஊற்றினேன். அன்றைக்கே உட்கார்ந்து சுண்ணாம்பும் போட்டேன். ஊற்றிய கைதான் போட்டது. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லம்மா பழவேற்காட்டுப் பக்கத்து ஆள். மகள் பானுவுக்குத் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டாள். சும்மா உட்காரத் தெரியாதவள். ஏரியில் செய்ததையே ஓடையிலும் செய்தாள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். முகம் தண்ணீரை ஒட்டி இருக்கும். வாயைத் திறந்தால் பறி போய்விடும்.

"தா ஹேமாம்மா, இன்னா எப்பப் பாத்தாலும் தண்ணிக்கு ஜொரம் பாத்துக்கினே கீற? அதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது. உனுக்குத்தான் மூஞ்சி சரியில்ல, எதுனா துன்னியா?" என்பாள். தன் நாஷ்டாவில் பாதியைப் பிட்டுக் கொடுப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

இந்த வருஷம் கமிட்டி வருவதற்கு முந்தைய நாள் பறியைத் திறந்து காட்டினாள். உள்ளே இறால் துள்ளியது. கெட்டியான ஓடு. நத்தையும் இறாலும் கடைசியில்தான் வரும் மேடம், ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இறால் ஏறிவிட்டால் அந்த ஓடைக்கு வைத்தியம் முடிந்தது.

"நாளிக்கி அந்த ஆபீசருங்கோ வரட்டும். காத்தாலயே எறங்கி ஒரு பறி ரொப்பிக்கினு வந்து நிக்கறேன். கண்ணால பாத்துட்டுப் போவட்டும். உன் பேஜாரு தீந்துச்சு. ஊட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கு."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை சிறுபாலத்தின் மேலிருந்து ஊற்றினேன். வழக்கமாக ஊற்றுவது போதாது, இறால் தாங்கிவிடும். அதனால் கேன்களை அதிகமாகவே எடுத்துப் போயிருந்தேன். பாலத்துக்கு அடியில் ஆள் இருப்பது தெரியாது என்றுதான் நேற்று உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். தெரியாமல் என்ன? அவளுடைய புடவை மரக்கிளையில் தொங்கியது. கொண்டை தெரிந்தது. ஒரு இறாலைப் பறிக்குள் போடுவதையும் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் அந்தப் பறியோடு மேலே வந்திருப்பாள்.

அவள் உடனே கத்தவில்லை. பறியை விடாமல் கடித்துக்கொண்டு பல்லிடுக்கில் ஒரு சத்தம் போட்டாள். மாவு அரைக்கும்போதும் பஸ் பிரேக் போடும்போதும் அது எனக்குக் கேட்கிறது. தூங்கும்போது கேட்பதில்லை, தூங்கினால்தானே. நான்தான் இறங்கி அவளைக் கரையேற்றினேன். நான்தான் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். சுப்பிரமணி வண்டியிலிருந்து பிடித்த தண்ணீர் அது. கமிட்டி வந்து, இன்னும் சில வருஷங்கள் கவனிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது.

பானுவுக்கு ஷிஃப்ட் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருக்கிறேன். சோறு ஊட்டுகிறேன், கையைப் பிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே, "ஹேமாம்மா, போய்ட்டியா?" என்று கையை நீட்டித் துழாவுகிறாள். நான் போகவில்லை என்று அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்.

முந்தாநாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் பார்வை திரும்பிவிடும், ஊருக்குப் போய்விடலாம் என்றார். பானு என் காலில் விழப் போனாள்.

டாக்டர்கள் அவசரப்படுகிறார்கள். முதல் தேறுதலை நம்பக் கூடாது, அதை ஓடையில் பார்த்தவள் நான். அதனால் இரண்டு நாளாகச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரைத்தான் விடுகிறேன். மருந்து பத்திரமாக என் பையில் இருக்கிறது. கெடுதல் ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளைக்குத்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள் மேடம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். பாவம், என்னைத் தவிர அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.