சேகண்டி மேல் ஆடிய மணல்

எத்தனை தலைமுறைக்கு முன் என்று எண்ணிச் சொல்ல ஆளில்லை. தாமிரபரணிக் கரையில், வெண்கலம் வார்ப்பவர்கள் குடியிருந்த கன்னார்மேட்டில், உலகம்மை என்றொருத்தி இருந்தாளாம். கேளுங்கள்.

அவள் கணவர் நெல்லையப்ப ஆசாரி கோயிலுக்கு வட்டத் தட்டாய் ஒரு சேகண்டி வார்த்துக் கொடுத்தார். தட்டினால் அக்கரை வரை கேட்குமாம். மூன்றே மாதம், உடைந்த சட்டியைத் தட்டியதுபோல் அதன் ஒலி மங்கிவிட்டது.

சேகண்டி அடிப்பவன் நாட்டாண்மையின் மைத்துனன் பேச்சிமுத்து. "ஆசாரி செம்பத் திருடிட்டு ஈயத்தக் கலந்துட்டாரு, அத்தான்!" என்றானாம்.

ஊர் கூடியது. பொழுது சாய்வதற்குள் ஆசாரி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

உலகம்மை எழுந்தாளாம். "போறோம், நாட்டாமையய்யா. அதுக்கு முன்ன அந்தச் சத்தத்த ஒருக்காக் கண்ணால பாத்துருவோம்."

"சத்தத்தக் கண்ணால பாக்கவா? ஏளா, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றார் நாட்டாண்மை.

ஊர் சிரித்தது.

பட்டறையில் வெண்கலத்தைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒட்டிய வார்ப்பு மணல் ஆடி ஒதுங்குவதை அவள் நெடுங்காலம் கவனித்திருந்தாள். புதுச் சேகண்டி ஒன்றை வைக்கோல் புரிமணைமேல் கிடத்தினாள், பொடிமணல் தூவினாள், விளிம்பில் தட்டினாள். தட்டினாள், தட்டினாள். மணல் துள்ளியது, ஓடியது, நடுவிலிருந்து விளிம்புவரை நான்கு கோடுகளாய் நின்றது.

சிரிப்பு அடங்கியது; சந்தேகம் கிளம்பியது.

"மந்திரிச்ச மணலு, அத்தான்! நம்பாதிய!"

"அப்ப மணல நீங்களே கொண்டாங்க, ஐயா. நீங்களே தட்டுங்க."

நாட்டாண்மை ஆற்றுமணலை அள்ளினார், மஞ்சள் நீரில் அலசினார், சுடுபாறையில் காயவைத்தார். அவளை இருபதடி தள்ளி நிறுத்தினார். புதியதைத் தட்டினார்: நான்கு கோடு. கோயில் சேகண்டியைத் தட்டினார்: மூன்று கோடு நேர், நான்காவது பாதியில் விலகி ஓடிற்று. அந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். கனத்த சந்தனப் பொட்டு. சுரண்டினார். முடியளவு விரிசல்.

"ஏலே பேச்சிமுத்து, கீழ போட்டியா?"

"படியில நழுவிட்டுது, அத்தான்."

ஆசாரி குடும்பம் ஊரிலேயே தங்கிற்று. இன்றும் கொடியேற்றத்தன்று மணல் தூவித் தட்டி, நான்கு கோடும் நேராய் நின்ற பிறகே சேகண்டியைத் தொங்கவிடுகிறார்கள். மணலை நாட்டாண்மை வீட்டார்தான் அள்ள வேண்டும். மஞ்சள் நீரில் அலச வேண்டும். உலகம்மை வழிவந்தவர் இருபதடி தள்ளி நிற்க வேண்டும்.

நானும் அங்கே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.